அப்பாக்க ஒமேகா சீமாஸ்டர்: பிரிச்சு கழுவி, எண்ணெய் விட்டு, ரோட்டர் மாத்தி ஓட வச்சது

கடைசியில ரோட்டர்தான் காரணம், அதாவது கை அசைய அசைய சுத்தி வாட்சுக்கு சாவி ஏத்துற எடைத்தகடு. மிஷினை முழுசா பிரிச்சு கழுவி, எண்ணெய் விட்டு, புது மெயின் ஸ்பிரிங் போட்டு, துடிப்பைக் கேட்டு வேகம் அளக்கிற டைம்கிராஃபர்ல வச்சா நம்பர் எல்லாம் அருமையா வருது, ஆனா கையில கட்டிட்டு நடந்தா மறுநாள் விடியக்காலம் நின்னுபோவுது. இது எதனாலன்னு கண்டுபிடிக்க ஆன நேரம் மத்த எல்லா வேலைக்கும் ஆன நேரத்தை விட கூடுதல். இப்ப ரோட்டர் செட்டை மாத்தின பிறகு வாட்ச் நிக்கல, ஒரு நாளைக்கு நாலஞ்சு செகண்ட் முன்னால ஓடுது, அம்பது வருஷம் தாண்டின மிஷினுக்கு இது தாராளம், எனக்கு சந்தோஷம் தாங்கல. வீட்டுல அப்பாவோ தாத்தாவோ கட்டின பழைய ஆட்டோமேட்டிக் ஒமேகா வச்சிருக்கவங்களுக்கு உதவும்னு, செஞ்சதை செஞ்ச வரிசையிலயே எழுதுறேன்.

முதல்ல வாட்ச் என்னன்னு சொல்லிடுறேன். ஒமேகா சீமாஸ்டர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேஸ், பின்மூடியில கடல்குதிரை, மூடிக்க உள்பக்கம் 166.010ன்னு நம்பர். உள்ள ஓடுற மிஷினுக்க மாடல் (காலிபர்) 565, செம்பு நிறத்துல மினுங்கும், தேய்மானம் குறைக்க 24 கல்லு, மணிக்கு 19,800 துடிப்பு, கையால சாவியும் குடுக்கலாம், கட்டிட்டு நடந்தாலும் ஏறும். மிஷின்ல வெட்டியிருக்க சீரியல் நம்பர் 28 மில்லியன்ல தொடங்குது, அதை வச்சுப் பாத்தா 1969, 70 பக்கத்துல செஞ்சது. இந்த 565க்க விசேஷம் தேதி மாத்துறதுல இருக்கு. பக்கவாட்டுல இருக்க சாவியை ரெண்டாவது படிக்கு இழுத்தா முள்ளு திருப்பலாம், அதுக்கும் மேல ஒரு இழு இழுத்து விட்டா தேதி ஒரு நாள் தாவும். முப்பது நாள் மாசம் முடிஞ்ச மறுநாள் காலையில அப்பா திண்ணையில இருந்து சாவியை டக்குன்னு ஒரு இழு இழுப்பாரு, சின்ன வயசுல எனக்கு அது பாக்க ரொம்பப் பிடிக்கும்.

அப்பா குவைத்துல ஃபிட்டரா இருந்தப்ப முதல் ரெண்டு வருஷ சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்கினது. ஊருக்கு வந்த பிறகும் கையை விட்டு இறங்கினதே இல்ல. மணவாளக்குறிச்சி பக்கம் எங்க வீடு, சாயந்திரம் கடப்புறத்துக்கு போவாரு, உப்புக்காத்து, வியர்வை, மழை எல்லாத்தையும் இந்த வாட்ச் பாத்திருக்கு. கடைசி காலத்துல நின்னுபோச்சு, அலமாரியில பாச்சா உருண்டைக்க கூட ஒரு டப்பாவுல கிடந்துது. அவரு போன பிறகு அம்மா எடுத்து என் கையில தந்தா.

வெளியூர்ல ஒரு சர்வீஸ் சென்டர்ல கேட்டேன். எழுபதாயிரம் பக்கத்துல ஆகும், மாசக்கணக்குல ஆகும், டயலும் முள்ளும் மாத்தத்தான் செய்வோம்னு சொன்னாங்க. ரூபாயை விட அந்த டயல் விஷயம்தான் எனக்கு ஒத்துவரல. அப்பா பாத்த முகம் அது, அதை எடுத்துட்டு புதுசு போட்டா பிறகு என்ன இருக்கு.

நாகர்கோவில்ல மணிமேடை பக்கம் ஒரு சந்துல பழைய வாட்ச் மெக்கானிக் ஒருத்தர் உண்டு, எழுபது வயசு தாண்டின ஆளு, நாங்க எல்லாரும் அண்ணாச்சின்னு கூப்பிடுவோம். வாட்சை வாங்கி மூடியைத் தடவிப் பாத்துட்டு சொன்னாரு, "மிஷினு நல்ல மிஷினாக்கும் மக்கா. முன்னாடின்னா ஒரே இருப்புல முடிச்சுத் தந்திருப்பேன், இப்ப கை நடுங்குது. ஹேர் ஸ்பிரிங்ல கை வைக்க எனக்கு தைரியம் இல்ல. நீ செய்யி, நான் கூட இருந்து சொல்லித்தாரேன்." ஒரு நிபந்தனை போட்டாரு. முதல்ல ஒரு எச்எம்டி ஜனதாவை பிரிச்சு மாட்டி ஓட வைக்கணும், அது ஒழுங்கா ஓடினா மட்டும்தான் ஒமேகாவைத் தொடணும்.

ஜனதா கத்துக்கிட சரியான மிஷின். கையால சாவி குடுக்கிறது, 17 கல்லு, சிட்டிசன் கம்பெனிக்க உதவியில பெங்களூர்ல செஞ்சது, எச்எம்டி வாட்ச் வர ஆரம்பிச்சது 1961ல. உள்ள எல்லாம் கொஞ்சம் தாட்டியமா இருக்கும், திருகு பெருசு, தேதி கிடையாது. அண்ணாச்சிக்க பழைய டப்பாவுலருந்து ஓடாத ஜனதா ஒண்ணு 300 ரூபாய்க்கு எடுத்தேன். திருப்பித் திருப்பி பிரிச்சு மாட்டினேன், வீலை மேலருந்து பிடிக்கிற பிரிட்ஜ் தகட்டை வைக்கும்போது நாலு வீலுக்க முனையும் ஒரே நேரத்துல கல்லுக்குள்ள போகணும், அதுக்கு கை அழுத்தவே கூடாது, லேசா தட்டிக்கிட்டே இருந்தா தானா இறங்கும், இது விரலுக்குப் புரியிறதுக்கு ஜனதாதான் வேணும். இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீங்க.

சாமான் விஷயம். திருப்புளி செட் 0.8 எம்எம்லருந்து 1.6 வரை, 2,200 ரூபா. விலை குறைஞ்ச செட்டுதான், ஆனா ஒவ்வொரு முனையையும் எண்ணெய்க் கல்லுல தேச்சு திருகுக்க வெட்டுக்குள்ள இறுக்கமா உக்காருற மாதிரி ஆக்கிட்டோம், அண்ணாச்சி இதுக்கு மட்டும் அரை நாள் என்னை இருத்தி வச்சாரு. சாமணம் ரெண்டு, ஒண்ணு தடிச்ச முனை, ஒண்ணு ஊசி முனை, 1,100. முள்ளு எடுக்கிற லீவரும் திருப்பி அழுத்துறதும் சேத்து 900. மிஷின் ஹோல்டர் 350. கண்ணுல வைக்கிற லென்ஸ் அவருதையே தந்தாரு. கண்ணாடி கழுவுற சின்ன அல்ட்ராசோனிக் மிஷின் 2,600. காந்தம் எடுக்கிற நீல டப்பா 450. டைம்கிராஃபர்தான் பெரிய செலவு, சீனாவுல செஞ்சது 14,500. எண்ணெய் எல்லாம் மோபியஸ், வேகமா சுத்துற வீலுக்கு 9010, மெதுவா சுத்துறதுக்கு கட்டியான எச்பி1300, வீலை ஒவ்வொரு பல்லா விட்டு நிறுத்துற பேலட் கவைக்க கல்லுக்கு 9415, மெயின் ஸ்பிரிங் சுருண்டு இருக்க பேரல் டப்பாக்க சுவத்துக்கு 8217 கிரீஸ், எல்லாம் சேத்து 7,800. சின்ன குப்பிதான், ஆனா ஒரு வாட்சுக்கு துளித்துளியாத்தான் போகும், பிறகும் நிறைய வாட்சுக்கு மிச்சம் கிடக்கும்.

திருகு போட்டு வைக்க மருந்துக்கடையில கிடைக்கிற வாராந்திர மாத்திரை டப்பா அருமையா இருக்கு. ஒவ்வொரு அறைக்கும் ஒரு படி வேலை, அந்தப் படியில கழட்டின திருகு அதுல மட்டும், கூடவே போன்ல ஒரு போட்டோ. ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டைன்னு திருகு இருக்கும், மாறிப்போனா குட்டை இடத்துல நீளத்தை முறுக்கினா அது கீழ இருக்க வீலை முட்டிடும்.

இனி ஒமேகா. பின்மூடி அசையவே இல்ல. பல வருஷ வியர்வையும் உப்பும் சேந்து பச்சையா உறைஞ்சு கிடந்துது. ரப்பர் பந்தை அழுத்தி திருப்பிப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. விளிம்புல துரு இளக்குற எண்ணெய் துளி விட்டு ஒரு ராத்திரி வச்சு, மறுநாள் மூணு கால் சாவியில அண்ணாச்சி பிடிக்க நான் திருப்ப, ஒரு சத்தத்தோட விட்டுச்சு. உள்ள தண்ணி புகாம இருக்க போடுற ரப்பர் வளையம், கேஸ்கெட், உருகி கறுப்புப் பிசினா விளிம்பைச் சுத்தி ஒட்டியிருக்கு. ஒரு துளி கூட மிஷினுக்குள்ள போயிடக் கூடாதுன்னு மூங்கில் பல்குத்தும் குச்சியை பிளேடால சீவி, லைட்டர் ஃப்ளூயிட்ல முக்கி, மூடியிலயும் கேஸ்லயும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தேன்.

மூடிக்க உள்பக்கம் ஊசியால கீறின எழுத்து ரெண்டு இடத்துல இருந்துது. ஒண்ணு 11-83, இன்னொண்ணு தேஞ்சுபோய் வருஷம் மட்டும் 91ன்னு தெரியுது. வாட்ச் மெக்கானிக்குங்க சர்வீஸ் செஞ்ச தேதியை இப்படி கீறி வைப்பாங்க. அப்ப கடைசியா எண்ணெய் பாத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்பா அதுக்கப்புறமும் பல வருஷம் கட்டியிருக்காரு. அந்த ரெண்டாவது சர்வீஸ் செஞ்ச ஆளு யாருன்னு தெரியாது, ஒரு பிரிட்ஜ் திருகு வேற வாட்சுலருந்து எடுத்துப் போட்டது, தலை சிதைஞ்சு கிடந்துது.

மூடி உக்காருற பள்ளத்துல கருப்பா நுண்ணுசா பொடி. அழுக்குன்னு நினைச்சு குச்சியால எடுத்து வெள்ளைத் தாள்ல தட்டினா, மினுங்குது. நல்ல காந்தம் ஒண்ணை தாளுக்க அடியில வச்சு நகத்தினேன், பொடியும் கூடவே நகருது. எங்க கடப்புறத்து கருமணலு. இல்மனைட்டு கலந்த மணலு, காந்தத்துக்கு லேசா இழுபடும், மத்திய அரசுக்க மணல் ஆலையே அதுக்குத்தான் இங்க நடக்குது. அப்பாக்க சாயந்திர நடையெல்லாம் அந்தப் பள்ளத்துல இருந்துது. ஒரு சின்னக் குப்பியில போட்டு வச்சிருக்கேன். வேலைன்னு பாத்தா இது பயப்பட வேண்டிய சாமான், இந்த மணல்ல ஒரு தரி வீல் பல்லுக்குள்ள போனாலும் மிஷின் நிக்கும். அதனால கேஸை முழுசா கழுவித் துடைச்ச பிறகுதான் மிஷினை வெளிய எடுத்தேன்.

பிரிக்கிற வரிசை. முதல்ல ரோட்டரோட சேந்த ஆட்டோமேட்டிக் பிரிட்ஜ் வெளிய. அதை எடுத்தா முறுக்கு திரும்பிப் போகாம பிடிச்சு வைக்கிற கொக்கி, கிளிக், தெரியும், சாவியை விரலால பிடிச்சுக்கிட்டு கிளிக்கை விலக்கி மெயின் ஸ்பிரிங்க்க முறுக்கை மெதுவா இறக்கணும். முறுக்கு இருக்கையில பேலட் ஃபோர்க்கைத் தொட்டா வீல் எல்லாம் ஒரே ஓட்டமா ஓடி பல்லு போயிடும். பிறகு முள்ளு, அதுக்கு டயல் மேல மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒண்ணு வச்சு அது மேல லீவர். டயலைப் பிடிச்சிருக்க ரெண்டு திருகு மிஷினுக்க பக்கவாட்டுல இருக்கும், கழட்ட வேண்டாம், இளக்கினா போதும். டயலை உடனே மூடி போட்ட டப்பாவுல வச்சு அலமாரிக்குள்ள பூட்டிட்டேன். பிறகு பேலன்ஸ் (ஹேர் ஸ்பிரிங்கோட சேந்து துடிக்கிற வீல்), பேலட், வீல் பிரிட்ஜ், பேரல். தேதித் தட்டு பக்கம் ஒரு நுண்ணு ஸ்பிரிங் உண்டு, சாமணம் பட்டா பறக்கும், அதை எடுக்கையில பிளாஸ்டிக் கவர் ஒண்ணுக்குள்ள கையையும் மிஷினையும் விட்டு எடுத்தோம்.

நம்ம ஊர்ல இந்த வேலைக்கு நேரம் பாத்துத்தான் உக்காரணும். ஃபேன் போட முடியாது, பறந்துபோகும். ஃபேன் இல்லன்னா வியர்க்கும், ஒரு துளி விழுந்தா ஸ்டீல் பாகத்துல மறுநாளே துரு. விடியக்காலம் அஞ்சு மணிக்கு உக்காந்து எட்டு மணிக்கு எழும்புறதுதான் ஒத்து வந்துது. இடவப்பாதி மழை சமயம் தொடங்கினதால காத்துல ஈரம் வேற, கழுவின பாகத்தை ஹேர் டிரையர்ல காய வச்சு உடனே மூடி வைக்க வேண்டியிருந்துது.

பழைய எண்ணெய், பலாச்சக்கை வெட்டின கத்தியில ஒட்டுற பசை மாதிரி ஆகிக் கிடந்துது, வீல் முனையில பழுப்பு வளையம். பிளேட், பிரிட்ஜ், வீல் எல்லாம் முதல்ல லைட்டர் ஃப்ளூயிட்ல தூரிகையால தேச்சு, பிறகு வாட்ச் கழுவுற கரைசல் போட்ட அல்ட்ராசோனிக்ல விட்டு, டிஸ்டில்டு தண்ணியில அலசி, கடைசியா ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல முக்கி காய வச்சேன். பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் மட்டும் ஆல்கஹால்ல போடவே கூடாது. பேலட் கல்லையும் பேலன்ஸுக்க அடியில இருக்க சின்னக் கல்லையும் அரக்கு வச்சுத்தான் ஒட்டியிருக்கும், ஆல்கஹால் அரக்கைக் கரைச்சிடும், கல்லு நகந்துபோனா திருப்பி நிறுத்துறது எனக்கெல்லாம் ஆகாத வேலை. அது ரெண்டுக்கும் லைட்டர் ஃப்ளூயிட் மட்டும், கொஞ்ச நேரம். கல்லுத் துவாரம் ஒவ்வொண்ணையும் சீவின குச்சி முனையை விட்டுச் சுத்தினா கறுப்பா வரும், குச்சி வெள்ளையா வரும் வரை திரும்பத் திரும்ப சீவிச் சீவி சுத்தணும். அலுப்பான வேலை, ஆனா பாதி சர்வீஸ் இதுதான்.

பழைய மெயின் ஸ்பிரிங் வெளிய எடுத்து மேசையில விட்டா எதிர்ப்பக்கமா வளைஞ்சு விரியணும், இது சுருண்டு அப்படியே கிடந்துது, சத்து போயாச்சு. புதுசு 1,900 ரூபா, வளையத்துக்குள்ள சுத்தியே வரும், பேரலுக்க வாயில வச்சு அழுத்தினா இறங்கிடும். ஆட்டோமேட்டிக் வாட்சுல இந்த ஸ்பிரிங்க்க வெளி நுனி பேரல்ல கொளுவியிருக்காது, முறுக்கு முழுசா ஏறினா சுவத்துல வழுக்கி விடணும், இல்லன்னா கையை அசைக்க அசைக்க ஏறி ஏறி உடைஞ்சிடும். அந்த வழுக்கலைக் கணக்கா வைக்கத்தான் 8217 கிரீஸ், சுவத்துல சில புள்ளி மட்டும்.

எண்ணெய் விடும்போது அண்ணாச்சி சொன்னது, "கல்லுல இருக்க குழி இருக்கில்ல மக்கா, அதுல பாதி நிரம்பினா போதும். கூடினா பரவிப்போயிடும், பிறகு குறைஞ்சதை விட மோசம்." பேலட் கல்லுக்குத்தான் எண்ணெய், பேலட் சுத்துற தண்டுக்க முனைக்கு எண்ணெயே கிடையாது. போன தடவை செஞ்ச ஆளு அதுக்கும் விட்டிருந்தாரு.

மாட்டி முடிச்சு, ஷாக் ஸ்பிரிங் ரெண்டும் போட்டு, பேலன்ஸை இறக்கினதும் தானா துடிக்க ஆரம்பிச்சுது. அம்மா வாசல்ல நின்னு பாத்துட்டு, "அப்பாக்க சாமானாக்கும் லே, பாத்து பைய செய்யணும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா, பிறகு திரும்பி வந்து காதுல வச்சுக் கேட்டா.

டைம்கிராஃபர்ல வச்சா நாளைக்கு 140 செகண்ட் ஃபாஸ்ட். பயந்துபோனேன், ஹேர் ஸ்பிரிங் எங்கேயோ ஒட்டுதோன்னு லென்ஸ் வச்சு சுத்திச் சுத்திப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. ஒரு சின்ன திசைகாட்டியை பக்கத்துல கொண்டுபோனா முள்ளு ஆடுது. காந்தம் ஏறியிருக்கு. கருமணலை இழுத்துப் பாத்த காந்தத்தை அதே மேசையிலதான் வச்சிருந்தேன், அந்தக் காந்தத்தை இப்ப வேற அறைக்கு மாத்தியாச்சு. நீல டப்பா மேல வச்சு பொத்தானை அழுத்தி, அழுத்தினபடியே வாட்சை மெதுவா தூரத்துக்கு எடுத்தேன், 140 இறங்கி 18 ஆச்சு. வேகம் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரை நுண்ணுசா நகத்தி 5ல நிறுத்தினேன்.

இன்னொரு விஷயம், டைம்கிராஃபர்ல லிஃப்ட் ஆங்கிள்னு ஒரு நம்பர் இருக்கும், வாங்கி வரும்போது 52ல இருக்கும். இந்த மிஷினுக்கு 49. 52ல வச்சுப் பாத்தப்ப ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் ஆடுற அளவு, 305 டிகிரி காட்டுச்சு, 49க்கு மாத்தினா 287. 287ம் நல்ல நம்பர்தான், ஆனா உண்மை அதுதான். வாட்ச் கிடக்கிற நிலையை மாத்தி சாவி கீழ பாக்க நிறுத்தினா 262. பீட் எரர், அதாவது டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள நேர வித்தியாசம், 0.6 மில்லி செகண்ட், அதைச் சரி செய்யணும்னா ஹேர் ஸ்பிரிங்க்க நடு வளையத்தைத் திருப்பணும், அதை விட்டுட்டேன்.

இங்கதான் தொடக்கத்துல சொன்ன பிரச்சனை. சாவி முழுசா குடுத்து மேசையில வச்சா 47 மணி நேரம் ஓடுது, கம்பெனி கணக்கு 50, அப்ப ஸ்பிரிங்கும் வீலும் சரி. சாவி குடுக்காம கையில கட்டிட்டு முழு நாளும் வேலை பாத்துட்டு ராத்திரி கழட்டி வச்சா விடியறதுக்குள்ள நிக்குது. அப்ப ஆட்டோமேட்டிக் ஏறலை. என் சந்தேகம் முழுக்க ரிவர்சிங் வீல் மேல. ரோட்டர் எந்தப் பக்கம் சுத்தினாலும் ஸ்பிரிங்கை ஒரே பக்கமா முறுக்குற வீல் அது, அழுக்கு இருந்தா வழுக்கும். திருப்பி எடுத்து, ஊற வச்சு, அல்ட்ராசோனிக்ல விட்டு, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு குடுத்து மாட்டினேன், பலன் இல்ல. இன்னொரு வீல் வாங்கலாம்னு விலை கூட விசாரிச்சாச்சு.

அண்ணாச்சிகிட்ட கொண்டுபோனேன். அவரு மூடியைத் திறக்கவே இல்ல, காதுல வச்சு சாய்ச்சு சாய்ச்சு ஆட்டினாரு. "சுத்துற சத்தம் மட்டும் கேக்கணும், இதுல உரசுற சத்தம் கேக்குதுல்லா?" எனக்கும் கேட்டுது, சொன்ன பிறகு. மூடியைத் திறந்து ரோட்டருக்க ஓரத்தை சாமணத்தால லேசா தூக்கினா மேலயும் கீழயும் ஆடுது. இந்தக் குடும்பத்து மிஷின்ல ரோட்டருக்கு பால் பேரிங் கிடையாது, நடுவுல ஒரு தண்டு ஒரு குழிக்குள்ள சுத்துறதுதான், எண்ணெய் காஞ்சு பல வருஷம் ஓடினா ரெண்டும் தேயும், தேஞ்சா ரோட்டர் ஒரு பக்கம் தொங்கும், தொங்கினா பிரிட்ஜ்லயோ மூடியிலயோ உரசும். பாத்தா மூடிக்க உள்பக்கத்துல பிறை வடிவுல ஒரு மினுமினுப்பு, நான் அதை கழுவும்போதே பாத்திருக்கேன், பழைய கீறல்னு நினைச்சு விட்டுட்டேன். உறுதி பண்ணிக்கிட ஒரு வழி சொன்னாரு. மூடிக்க உள்பக்கம் அந்த இடத்துல கறுப்பு மார்க்கரால பூசி, மூடி, ஒரு மணி நேரம் கட்டிட்டு நடந்து, திறந்து பாக்கணும். மை பிறை வடிவுலயே தேஞ்சு போயிருந்துது. பத்து ரூபா மார்க்கர் சொன்ன பதிலை டைம்கிராஃபர் சொல்லல, ஏன்னா அது ரோட்டரைப் பாக்கவே பாக்காது.

குழியை பஞ்ச் வச்சு அடிச்சு இறுக்கலாம், பழைய ஆளுங்க அப்படித்தான் செய்வாங்க, அண்ணாச்சியே வேண்டாம்னுட்டாரு, கொஞ்ச காலம்தான் நிக்கும், பிறகு முன்னதை விட மோசமாகும்னு. மும்பையில பழைய பார்ட்ஸ் விக்கிற ஒருத்தர்கிட்ட வேற ஒரு 565லருந்து எடுத்த ரோட்டரும் பிரிட்ஜும் சேந்த செட் 6,500 ரூபாய்க்கு கிடைச்சுது. வாங்கும் முன்னாடி ரோட்டரை ஆட்டிக் காட்டுற வீடியோ கேட்டு வாங்கிப் பாத்தேன், இதைக் கட்டாயம் கேளுங்க. ஒமேகாவுக்க புது பார்ட்ஸ் இப்ப வெளியாளுங்க கைக்கு லேசுல வர்றதில்ல, அதனால பழைய மிஷினை உடைச்சு விக்கிறவங்கதான் வழி. வந்ததைக் கழுவி, தண்டுக்கு எண்ணெய் விட்டு மாட்டினேன், மார்க்கர் பரிசோதனை திரும்பவும் செஞ்சேன், மை அப்படியே இருந்துது. ஒரு நாள் கட்டிட்டு கழட்டி வச்சா இப்ப முப்பது மணி நேரத்துக்கு மேல ஓடுது. அப்பாக்க பழைய ரோட்டரை பத்திரமா டப்பாவுல வச்சிருக்கேன், நல்ல லேத் வேலைக்காரர் கிடைச்சா புதுத் தண்டு செஞ்சு அதையே திருப்பிப் போடணும்னு ஆசை.

டயலைப் பத்தி. ஓரத்துல புள்ளி விழுந்திருக்கு, வெள்ளி நிறம் லேசா மஞ்சளிச்சிருக்கு. ரீடயல் அடிச்சு புதுசு போல ஆக்கித் தர ஆளு உண்டு, நம்ம நாட்டுல விக்கிற பழைய ஒமேகா, ஃபாவ்ரே லூபா பலதும் அப்படி திருப்பி பெயிண்ட் அடிச்சதுதான், எழுத்து தடிச்சு இருக்கும், கோடு நேரா இருக்காது, பாத்தா தெரியும். நான் டயலை ஊதித் தூசி தட்டினதோட சரி, துணி கூட வைக்கல. பழைய டயல்ல மேல பூசின லாக்கர் துடைச்சா எழுத்தோட சேந்து போயிடும், போனது போனதுதான். கேஸையும் பஃப் பண்ணல. பட்டை மாட்டுற காலுக்க கூர்மை இன்னும் இருக்கு, பாலிஷ் போட்டா உருண்டுபோகும். கீறல் எல்லாம் அப்பா போட்டது, அது இருக்கட்டும்.

கண்ணாடி மட்டும் மாத்தினேன். அக்ரிலிக் கண்ணாடி, நடுவுல பூதக்கண்ணாடி வச்சாத்தான் தெரியிற அளவுக்கு சின்ன ஒமேகா சின்னம் உண்டு. கீறல் மட்டும்னா ஆயிரம், ரெண்டாயிரம் நம்பர் தாள்ல தேச்சு பாலிஷ் போட்டா கண்ணாடி தெளிஞ்சிடும். இதுல ஓரம் முழுக்க மயிரிழை வெடிப்பு, அது வழியா நம்ம ஊரு ஈரக்காத்து உள்ள போகும். சின்னம் உள்ள மாத்துக் கண்ணாடி 2,400. அண்ணாச்சிக்க பிரஸ்ல வச்சு அமுத்தினோம். சாவிக்க உள்ள ரப்பர் போயாச்சு, பல்லும் வழவழன்னு தேஞ்சாச்சு, பழைய ஸ்டாக் ஒண்ணு 1,900. கேஸ்கெட் 250, சிலிக்கான் கிரீஸ் தடவிப் போட்டேன். இவ்வளவு செஞ்சும் தண்ணி பக்கம் கொண்டுபோகக் கூடாது, கேஸ்கெட் உக்காருற இடத்துல உப்பு அரிச்ச குழி இருக்கு. பேருதான் சீமாஸ்டர், நான் கடப்புறத்துக்கு போனா கழட்டி வச்சுட்டுப் போறேன்.

மொத்தக் கணக்கு: பார்ட்ஸ் 12,950, சாமான், எண்ணெய், மிஷின் எல்லாம் 29,900. சாமான் இனி வர்ற வாட்சுக்கும் உதவும். அண்ணாச்சி கூலின்னு ஒண்ணும் வாங்கல, ஓணத்துக்கு வேட்டி எடுத்துக் குடுத்தேன்.

அடுத்த தடவை மாத்தப் போறது. முதல்ல மூடியைத் திறந்ததும் ரோட்டரை ஆட்டிப் பாப்பேன், மூடிக்க உள்பக்கம் பிறை இருக்கான்னு பாப்பேன், ஒரு திருகைத் தொடும் முன்னாடி. இதைச் செஞ்சிருந்தா ரோட்டர் செட்டை மெயின் ஸ்பிரிங் கூடவே வரச் சொல்லியிருக்கலாம். பிரிக்கிறதுக்கு முன்னாடியே காந்தமும் எடுத்துடுவேன். வேலையை தை, மாசியில வச்சுக்கிடுவேன், ஈரம் குறைவு. எண்ணெயில எச்பி1300 வாங்க அவசரப்பட மாட்டேன், அண்ணாச்சிகிட்ட டி5ன்னு வேற எண்ணெய் இருந்துது, அதுவே போதுமாயிருந்திருக்கும்.

பாக்கி இருக்கறது, தேதி பன்னிரண்டு மணிக்கு மாறாம பன்னிரண்டே கால் தாண்டித்தான் மாறுது. முள்ளு ரெண்டையும் திருப்பி எடுத்து, தேதி தாவுற நிமிஷத்துல நேரா பன்னிரண்டுல நிறுத்தி அழுத்தணும், அவ்வளவுதான் வேலை, ஆனா அதுக்கு டயல் மேல மறுபடியும் லீவர் வைக்கணும். அடுத்த சர்வீஸ் வரைக்கும் இப்படியே கிடக்கட்டும்னு விட்டிருக்கேன், அஞ்சு வருஷம் கழிச்சு எண்ணெய் மாத்த எப்படியும் திறக்கணும். மூடிக்க உள்ள நான் தேதி கீறல, சர்வீஸ் தேதியும் ஒவ்வொரு நிலைக்க நம்பரும் ஒரு நோட்டுல எழுதி வாட்ச் டப்பாக்குள்ள வச்சிருக்கேன்.